ஒரு கேஸ்கூட இல்லாத தோட்டம்

உலக மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இனிமேல் டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் பிரம்லி தோட்டத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. பெரிய பெரிய நாடுகள் புற்றுநோய்க்கு மருந்து தேடிக் களைத்துப்போன வேளையில், எங்கள் தோட்டம் ஒரு சொட்டு மருந்தும் செலவழிக்காமல் அந்த நோயை ஒழித்துக்கட்டியது. ஆதாரம் அச்சில் இருக்கிறது: ‘பிரம்லி தோட்டத்தில் ஒரு கேஸ்கூட இல்லை.’ அதன் கீழே உள்ள கையெழுத்து என்னுடையது. நலன்புரி உத்தியோகத்தர் கணேசமூர்த்தி. தற்புகழ்ச்சி அழகல்ல என்பதால் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லாம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. ‘களப் புற்றுநோய் ஆய்வு’ என்று தலைப்பு. எங்கள் நாட்டு விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் களம் என்றால் உணவுக்குழாய். பாடப்புத்தகத்தை எப்போதோ மூடிவிட்ட எங்கள் கண்டாக்கு ஐயா, அதாவது மலைவேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், களம் என்றால் தேயிலை மலைதான் என்று விளங்கிக்கொண்டார். புது நோய் வந்துவிட்டதென்று ஐந்தாம் நம்பர் மலைக்கு மருந்தடிக்க உடனே ஆள் அனுப்பினார். அடித்து முடித்த பிறகுதான் நோய் தேயிலைக்கு அல்ல, மனிதருக்கு என்று நான் விளக்கினேன்.

“அப்ப அவசரமில்ல” என்று அவர் நிம்மதியாக வெற்றிலையை மடித்தார்.

கொழும்பிலிருந்து டாக்டர் சுலக்ஷனா தலைமையில் ஆய்வுக் குழு வந்தது. வெள்ளை வேன், ஐஸ் பெட்டிகள், கையுறைகள். தோட்ட மேலாளரான பெரிய தொரையின் அலுவலகத்தில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. ஆய்வின் மேன்மையை டாக்டர் விளக்கினார். இரத்தத்திலுள்ள சிவப்பு அணுவுக்கு ஒரு தோல் உண்டு. அந்தத் தோலில் கொழுப்பு அமிலங்கள் உண்டு. நாம் என்ன கொழுப்பைத் தின்றோமோ அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், மூன்று நான்கு மாதத்துக்கு அந்தத் தடயம் போகாது. எந்தக் கொழுப்பு கூடினால், எது குறைந்தால் உணவுக்குழாயில் புற்று வரும் என்று பார்க்க வேண்டும். நோய் உள்ளவர் ‘கேஸ்’. நோய் இல்லாதவர் ‘கண்ட்ரோல்’. இரண்டு பேரின் இரத்தத்தையும் ஒப்பிட வேண்டும்.

தொரை தலையசைத்தபடி கேள்விக்கொத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் கை நின்றது.

“இது என்ன மிஸ்? ‘தேநீரை எவ்வளவு சூடாகக் குடிக்கிறீர்கள்?’”

“ரொம்பச் சூடா குடிச்சா களத்துக்குக் கூடாதுன்னு ஒரு கருத்து இருக்கு சேர். அதையும் கேக்கணும்.”

தொரை தன் கோப்பையைக் கீழே வைத்தார். “நீங்க இப்ப குடிச்சிட்டிருக்கிறது என்ன?”

டாக்டரும் கோப்பையைக் கீழே வைத்தார். அறையில் ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. நாட்டின் ஏற்றுமதியே ஆபத்தில் இருப்பதை உணர்ந்து நான் எழுந்து நின்று ஒரு திருத்தத்தை முன்மொழிந்தேன்: ‘தேநீர் நீங்கலாக வேறு சூடான பானம் குடிக்கிறீர்களா?’ அது ஏகமனதாக நிறைவேறியது. தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களில் தேத்தண்ணியைத் தவிர வேறு சூடான பானம் கிடையாது என்பதால் பின்னர் அத்தனை பேரும் ‘இல்லை’ என்று பதில் சொன்னார்கள். பதில்களில் இப்படியொரு ஒற்றுமையைத் தான் பார்த்ததே இல்லை என்று டாக்டரே சொன்னார்.

வெற்றிலை, புகையிலை பற்றிய கேள்வி ‘கலாசாரம்’ என்ற காரணத்தால் நீக்கப்பட்டது. கண்டாக்கு ஐயா இதில் உறுதியாக இருந்தார். கடைசியில் கொழுப்பு மட்டும் மிஞ்சியது. கொழுப்புக்காகப் பேச சங்கம் இல்லை, ஏற்றுமதியாளர் இல்லை, கலாசாரமும் இல்லை. ஆகவே ஆய்வு கொழுப்பின் மேல் பாய்ந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும்போது இராமையா கங்காணி அறிவித்தார்: “நாளைக்கு மடுவத்துல ரத்தம் எடுக்க வாறாங்க. கேஸ், கண்ட்ரோல்னு ரெண்டு வரிசையாம். எல்லாரும் வந்துருங்க.”

எல்லோரும் வந்தார்கள். பாதிப் பேர் சிலிண்டரோடு வந்தார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுப்பெரிக்கும் கேஸுக்காக நாடே வீதியில் வரிசையாக நின்ற அந்த வருடத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. கேஸ் என்று காதில் விழுந்தால் சிலிண்டரைத் தூக்குவது எங்கள் மக்களுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. விறகடுப்பு வைத்திருப்பவர்கள்கூட இரவல் சிலிண்டரோடு நின்றார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாசல் எரிபொருள் நிலையம்போல இருந்தது.

“இது அந்தக் கேஸ் இல்ல” என்று நான் அறிவித்தேன்.

“அப்ப எந்தக் கேஸுங்க?”

எனக்கு முன்பே இராமையா பதில் சொல்லிவிட்டார். “கோர்ட்டு கேஸாத்தான் இருக்கும். பேரு விழுந்துச்சுன்னா வேலைய விட்டுட்டு ஹட்டனுக்கு அலையணும். பாத்துக்கங்க.”

சிலிண்டர்கள் கடகடவென்று படியில் இறங்கிப் போயின. திரும்பி வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கண்ட்ரோல் வரிசையில் நின்றார்கள். ‘கேஸ்’ என்று எழுதிய மேசைக்கு முன்னால் ஒரே ஒருத்தி மட்டும் நின்றாள்.

அவள்தான் காளியாயி. மேல்லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள், ஐம்பதைத் தொட்டவள். புருஷன் இல்லை. மகள் ஜீவராணி ஹட்டன் டவுனில் பைஸர் நானாவின் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறாள்.

“எனக்கு கேஸ்தானுங்கய்யா” என்றாள் காளியாயி. “டிஸ்பென்சரி ஐயாவே சொல்லியிருக்காங்க. இங்கன.” நெஞ்சுக்குழியில் கையை வைத்துக் காட்டினாள். “ரொட்டி எறங்க மாட்டேங்குது. போயி அப்படியே நின்னுக்குது. தண்ணி குடிச்சா தண்ணியும் நிக்குது.”

எங்கள் தோட்ட டிஸ்பென்சரியின் அழகுமுத்து ஐயா எதையும் குழப்பிக்கொள்ளாத மனிதர். நெஞ்சுக்குக் கீழே எது வந்தாலும் அது வாய்வு, அவர் மொழியில் கேஸ். அதற்கு ஒரு ரோஸ் நிற மருந்து உண்டு. காளியாயி அந்த மருந்தைப் பல போத்தல் குடித்திருந்தாள்.

டாக்டர் சுலக்ஷனா நிமிர்ந்து பார்த்தார். “கெமரா போட்டுப் பாத்திருக்கீங்களா அம்மா?”

“ஐடென்டி கார்டுக்கு ஒருக்கா எடுத்தாங்க.”

“அது இல்ல. வாய் வழியா உள்ள விட்டுப் பாக்கிற கெமரா.”

“அய்யோ, அதெல்லாம் இல்லீங்க.”

“அப்ப நீங்க கேஸ் இல்ல. கெமரா போட்டு, இன்ன நோய்னு எழுதித் தந்தாத்தான் கேஸ். நீங்க கண்ட்ரோல்.”

“கண்ட்ரோல்னா என்னாங்க?”

“நோய் இல்லாதவங்க.”

காளியாயியின் முகம் மலர்ந்தது. “நாங்க பெரட்டுக்கு வந்த நாள்லேருந்து கண்ட்ரோல்லதானுங்களே இருக்கோம்” என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள். இரத்தம் எடுத்து முடித்ததும், “ஆஸ்பத்திரியில ஒருக்கா கட்டாயம் காட்டுங்க” என்றார் டாக்டர். நிர்வாக நடைமுறை தெரியாதவர் அவர். “டிஸ்பென்சரித் துண்டு இருந்தா தாராளமாப் போகலாம்” என்று நான் அதைச் சீர்செய்து விளக்கினேன்.

துண்டு என்பது எங்கள் தோட்டத்தின் மிகச் சிறிய, மிக முக்கியமான ஆவணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, கெடாது. இல்லாமல் போனால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அன்றைய நாளே இல்லை. இரண்டு வாரம் கழித்து காளியாயி துண்டு கேட்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். ஆய்வில் இருப்பவர்களுக்கு நலன்புரி ஐயாவின் சம்மதம் வேண்டும் என்று அழகுமுத்து ஐயா அவளை என்னிடம் அனுப்பிவைத்தார்.

எனக்கு வந்த பொறுப்பின் பாரத்தை வாசகர்கள் உணர வேண்டும். கண்ட்ரோல் என்றால் நோயில்லாதவர். நோயில்லாதவர் ஆஸ்பத்திரிக்குப் போவது ஆய்வு ஒழுக்கத்துக்கு முரண். போய், அங்கே எதையாவது கண்டுபிடித்துவிட்டால்? அதோடு இன்னொன்றும் இருந்தது. வெளிநாட்டுத் தேயிலைக் கொள்வனவாளர்கள் சிலர் ‘ஆரோக்கியத் தோட்டம்’ என்ற சான்றிதழைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு வேண்டிய வாக்கியம் ஏற்கெனவே என் மனதில் உருவாகியிருந்தது. அந்த வாக்கியத்தில் காளியாயிக்கு இடம் இல்லை.

“எதுக்கு அவசரப்படுற காளியாயி? ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்கதானே? அதுல எல்லாம் வந்துரும்.”

“தொண்டையும் தெரியுங்களாய்யா?”

“ரத்தம் தொண்டைக்குப் போகாமலா இருக்கு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அதுவும் சரிதானுங்க. முடிவு வரட்டும்.”

இப்படி அமைதியாக விஞ்ஞானத்துக்கு வழிவிட்டவள் அவள். ரோஸ் மருந்தில் இன்னொரு போத்தல் வாங்கிக்கொண்டு மலைக்குப் போனாள். அவள் கொழுந்துக் கூடை அவளைவிடப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் கூடையின் அளவு ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

இரத்தம் விமானத்தில் கடல் தாண்டியது. எங்கள் தோட்டத்திலிருந்து வெளிநாடு போன முதல் தொழிலாளர் குழு அதுதான், பாஸ்போர்ட்கூட வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. அங்கே ஒரு வீட்டின் பெறுமதியுள்ள இயந்திரம் ஒவ்வோர் அணுவையும் உரித்துப் பார்த்து ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்திருந்தது: இந்த மக்கள் கோதுமை மா ரொட்டியும் தேங்காயும் தின்கிறார்கள், மீனை அநேகமாகக் கண்ணால் காண்பதில்லை.

“இதை எங்ககிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போமே” என்றார் இராமையா.

“நீ சொன்னா அது பேச்சு. ரத்தம் சொன்னா அது தரவு” என்று நான் அவரைத் திருத்தினேன்.

அந்த முடிவில் ஓர் அதிசயமும் இருந்தது. ஒரே ஓர் இரத்தம் மட்டும் வேறு விதமாகப் பேசியது. மீனிலிருந்து கிடைக்கும் ஒமேகா-3 என்ற உயர்குல அமிலம் அதில் ததும்பிக்கொண்டிருந்தது. ஏதோ கடலோர நாட்டுச் செல்வந்தரின் மாதிரி தவறுதலாகக் கலந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டார்களாம். பெயரைப் பார்த்தேன். காளியாயி.

காரணம் எளியது. ரொட்டி இறங்காத தாய்க்கு ஜீவராணி, பைஸர் நானா கடையில் நசுங்கிப்போய் விலை போகாத டின் மீனை வாங்கி வந்து, மசித்து, வடிகட்டி, தண்ணியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரத்தம் எடுப்பதற்குப் பல மாதம் முன்பிருந்தே தாயின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த மீன்தண்ணிதான். தொண்டை அடைக்க அடைக்க இரத்தம் மேம்பட்டது. விஞ்ஞானம் தொண்டையைப் பார்க்கவில்லை, இரத்தத்தைப் பார்த்தது. ஆகவே காளியாயி ‘மாதிரிக் கண்ட்ரோல்’ என்று ஒருமனதாகத் தெரிவுசெய்யப்பட்டாள். அந்தக் கணத்திலிருந்து நானும் ‘அவள்’ என்பதை விட்டு ‘திருமதி காளியாயி அவர்கள்’ என்று குறிப்பிடத் தொடங்கினேன்.

பாராட்டு விழா தோட்டத்தின் கிளப் மண்டபத்தில் நடந்தது. தொரை, கொள்வனவாளர்கள், பத்திரிகைக்காரர், மாலை, மேளம், எல்லாம் இருந்தன. டாக்டர் சுலக்ஷனா வேறொரு மாவட்டத்தில் வேறொரு கொழுப்பைப் பார்க்கப் போயிருந்ததால் வர முடியவில்லை. பரிசு, பளபளக்கும் இரட்டைக் கேஸ் அடுப்பு. சிலிண்டர் சேர்த்தி இல்லை. ‘ஒரு கேஸ்கூட இல்லை’ என்ற வாக்கியத்தை நான் மூன்று மொழிகளிலும் வாசித்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

கொள்வனவாளர் ஒருவர் கேட்டார், இந்த அம்மையாரின் ஆரோக்கிய இரகசியம் என்ன? நான் ஒலிவாங்கியைத் திருமதி காளியாயி அவர்களிடம் நீட்டினேன்.

“ரொட்டி எறங்கலீங்க” என்றார். குரல் காற்றாக வந்தது. “அதான் மவ மீன்தண்ணி வச்சுக் குடுக்குது. அதுவும் இப்ப பாதிதான் போகுது.”

நான் மொழிபெயர்த்தேன்: “மாப்பண்டங்களை அறவே தவிர்த்து, மிதமான அளவில் மீனுணவுக்கு மாறியதே தன் வெற்றிக்குக் காரணம் என்கிறார்.”

மறுபடியும் கைதட்டல். இவ்வளவு மெலிந்த உடலை எப்படிப் பேணுகிறார் என்று இன்னொருவர் வியந்தார். தினமும் மலையேறுகிறார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு படத்துக்காகத் தொரை தன் கையாலேயே ஒரு கேக் துண்டை அவர் வாயில் வைத்தார். திருமதி காளியாயி அவர்கள் மறுக்கவில்லை. தொரை ஊட்டும்போது எப்படி மறுப்பது? படம் எடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு மேடைக்குப் பின்னால் போய்ச் சேலைத் தலைப்பில் எல்லாவற்றையும் துப்பிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்திரிகையில் படம் அருமையாக வந்தது. ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று கீழே எழுதிக் கொடுத்தவன் நான்.

ஜீவராணி அன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தாள். தாய்க்குப் பின்னால் ஓடியவள் அவள்தான். மறுநாள் விடியற்காலை, துண்டும் இல்லாமல், அனுமதியும் இல்லாமல், அவள் தாயை முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே பார்த்தவர்கள் அன்றைக்கே கண்டிக்கு அனுப்பிவைத்தார்களாம். கெமராவும் போட்டார்களாம். ஒரு கண்ட்ரோல் இப்படிக் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொண்டது எனக்கு மனவருத்தமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஜீவராணி என் அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு கையிலும் அந்தக் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள்.

“அம்மாவுக்குக் கேன்சருங்க. எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப வயித்துல ஓட்டை போட்டு டியூப்ல பால் ஊத்துறாங்க.”

என் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டேன்.

“முன்னாடியே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்னு சொன்னாங்க. இப்ப கதிர் மெஷின்ல கரண்டு மட்டும் வச்சுப் பாப்பாங்களாம். அம்மா என்னா கேக்குது தெரியுங்களா? ‘நல்ல ரத்தம்னுதானே பரிசு குடுத்தாங்க, அப்பறம் எப்படிடி?’ங்குது. நான் என்னா சொல்றதுங்க?”

நான் விஞ்ஞானத்தைச் சொன்னேன். “பாரும்மா, ரத்தம் எடுத்த நாள்ல அவங்க கண்ட்ரோல். அது அச்சாயிருச்சு. ஆய்வு முடிஞ்சிருச்சு. இனி மாத்த முடியாது.”

“எழுதிக் குடுத்தாத்தான் கேஸுன்னு அன்னைக்கு டாக்டரம்மாதானே சொன்னாங்க? எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப கேஸ்தானுங்களே?”

“ஆய்வைப் பொறுத்தவரைக்கும் இந்தத் தோட்டத்துல ஒரு கேஸும் இல்ல.”

“துண்டு கேட்டப்ப குடுத்திருந்தா?”

“அதுவும் ஆய்வு நடைமுறைதான்.”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அடுப்பை என் மேசைமேல், நான் கையெழுத்திட்ட ‘ஆரோக்கியத் தோட்டம்’ சான்றிதழின் மேலேயே வைத்தாள்.

“அடுப்ப நீங்களே வச்சுக்கங்க. கேஸ் நாங்க போடுறோம்.”

போய்விட்டாள். துயரத்திலும் சிலிண்டர் வாங்கித் தர நினைக்கும் அந்தப் பிள்ளையின் பெருந்தன்மை என்னை நெகிழவைத்தது. அன்றிரவு மனைவியிடமும் அதைச் சொன்னேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சிலிண்டர் வரவில்லை. போன திங்கட்கிழமை நீதிமன்ற அழைப்பாணை வந்தது. ஹட்டன் சட்டத்தரணி ஒருவர் ஜீவராணிக்காக ஆஜராகிறார். தோட்ட நிர்வாகத்தின் பெயரும் அழகுமுத்து ஐயாவின் பெயரும் அதில் இருக்கின்றன. ஆனால் முதலாம் எதிராளி நான்தான். சாட்சிகளில் இராமையா ஒருவர். பெயர் விழுந்தால் அலைய வேண்டும் என்று மடுவத்து வாசலில் எச்சரித்தவர், இப்போது அலையத் தயாராக இருக்கிறாராம். இன்னொரு சாட்சி டாக்டர் சுலக்ஷனா. ‘ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்’ என்று அன்று தான் சொன்னதை அவர் மறக்கவில்லையாம்.

ஒரு கேஸ்கூட இல்லாத எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு கேஸ் வந்து சேர்ந்தது. தொரை என் தொலைபேசியை எடுப்பதில்லை.

அழைப்பாணை வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ரொட்டியை வாயில் வைத்தால் நெஞ்சுக்குழிக்கு மேலே போய் அப்படியே நிற்கிறது. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் நிற்கிறது. பயந்துபோய் நேற்று டிஸ்பென்சரிக்குப் போனேன். அழகுமுத்து ஐயா என்னைத் தொட்டும் பார்க்கவில்லை. ரோஸ் மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஒண்ணுமில்ல” என்றார். “கேஸ்தான்.”